மடிச்சுக் கட்டின அண்ணாச்சி

ஒரு ஊர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சாம்.

சிரிக்காத. ராஜா கதை வேணும்னா உங்க அப்பன்கிட்ட போய்க் கேளு. என்கிட்ட இன்னைக்கு ஜன்னல் கதைதான் இருக்கு. காலை நீட்டிப் படு. நான் நிறுத்தற இடத்துல எல்லாம் "ம்" சொல்லணும். சொல்லலன்னா நீ தூங்கிட்டேன்னு நினைச்சு மிச்சக் கதைய நானே வச்சுக்குவேன்.

ஆங், அப்படித்தான்.

அந்த ஜன்னல் ஒரு மாடி ரூம்ல இருந்துச்சு. வாடகை ரூம். ஒரே ஒரு ரூம், அதுக்கு ஒரே ஒரு ஜன்னல், கிழக்கப் பாத்து. கம்பி உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, திரை மட்டும் கிடையாது. அந்த ரூமுக்குப் புதுசா குடி வந்தவ பேரு சந்தனமாரி. பேக்கரில பன்னு சுடறவ. நீ டீயில முக்கி முக்கித் தின்னுட்டு சட்டையெல்லாம் ஒழுக விடறியே, அந்தப் பன்னுதான். காலைல டீக்கடைக்கெல்லாம் அது சூடா போகணும்னா ராத்திரி முழுக்க யாராவது முழிச்சிருந்து சுடணும்ல? அது அவதான். ஊரு தூங்கறப்போ அவ முழிச்சிருப்பா, ஊரு முழிக்கறப்போ அவ தூங்கணும்.

எங்க தூங்கறது! விடிஞ்சு வீட்டுக்கு வந்து, கால் கழுவி, பாயை விரிச்சு "அப்பாடா"ன்னு சாய்வா. அப்போன்னு பாத்து சூரியன் எதிர் வீட்டு மொட்டை மாடிக்கு மேல எட்டிப் பாத்து, பளார்னு அவ மூஞ்சில ஒண்ணு வைக்கும். அவ இந்தப் பக்கம் உருளுவா, அதுவும் இந்தப் பக்கம் வரும். அந்த மூலைக்குப் பாயை இழுப்பா, சர்ர்ர்... அதுவும் பின்னாடியே சர்ர்ருனு வந்துரும். துண்டை மூஞ்சில போட்டுக்கலாமேன்னு நீ கேப்ப. போட்டுப் பாத்தா. மூச்சு முட்டுச்சு, வேர்த்து ஊத்துச்சு, துண்டு ஒரு பக்கம் அவ ஒரு பக்கம்.

தூக்கம் இல்லாம வேலைக்குப் போனா என்ன ஆகும்? அடுப்பு முன்னாடி உக்காந்தே கண்ணு சொக்கிரும். ஒரு நாள் ஒரு தட்டுப் பன்னு கரிக்கட்டை. இன்னொரு நாள் இன்னொரு தட்டு. பேக்கரி மேஸ்திரி கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

"ஏம்மா, மூணாவது தட்டும் கருகிச்சுன்னா நீ வீட்டுலயே தூங்கிக்கலாம். இங்க வர வேண்டாம்."

அந்த வேலை போனா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயி, அண்ணன் வீட்டுல ஒரு மூலையில நிக்கணும். அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அண்ணி சொல்லுவா. அதனால எப்படியாவது அந்த ஜன்னலை மூடியே ஆகணும்.

ம் சொல்லு.

"ஒரு திரை வாங்கி மாட்ட வேண்டியதுதானே"ன்னு உன் அம்மா மாதிரி ஈஸியா சொல்லிரலாம். திரை மாட்டணும்னா கம்பி மாட்டணும். கம்பி மாட்டணும்னா ஆணி அடிக்கணும். இங்கதான் கீழ் வீட்டுல இருக்கற வீட்டுக்காரர் வர்றாரு. பேரு ஆவுடையப்ப அண்ணாச்சி. இந்த வீட்டுக்காரங்களை நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், நானும் ஆறு வாடகை வீடு பாத்தவ. சமைக்காதேன்னா சமைக்காம இருப்போமா, சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னா சொந்தக்காரங்க கேப்பாங்களா? இவரு அதெல்லாம் சொல்ல மாட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு.

"என்ன வேணா பண்ணிக்கோம்மா. சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது."

சொன்னதோட விட்டாரா? வாரா வாரம் மாடிக்கு வந்து, விரலை மடக்கி சுவத்தைத் தட்டிப் பாப்பாரு. டொக் டொக் டொக். குழந்தைக்குச் சளி பிடிச்சிருக்கான்னு டாக்டர் முதுகுல தட்டுவாரே, அப்படி. எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கான்னு கையால தடவுவாரு. இல்லேன்னதும் "சமத்து"ம்பாரு. யாரை? சந்தனமாரியைன்னா நினைக்கிற? சுவத்தை!

சரி, அப்புறம் சந்தனமாரி யோசிச்சா. காசும் ஆகக் கூடாது, ஆணியும் அடிக்கக் கூடாது. என்ன பண்ணா? டீக்கடைலேர்ந்து பழைய பேப்பர் ஒரு கட்டு வாங்கிட்டு வந்தா. மைதா மாவைக் கரைச்சு அடுப்புல வச்சு, கொத கொத கொதன்னு பசை காய்ச்சினா. கண்ணாடி பூரா பேப்பரை ஒட்டினா. சப்பு சப்புனு தட்டினா. ரூம்பு இருட்டாச்சு. "ஏ சூரியா, இப்போ வா பாப்போம்"னு சொல்லிட்டு படுத்தா.

கண்ணு செருகுச்சு. டிங் டாங்!

எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்தா. வாசல்ல ஒரு ஆளு, பின்னாடி பொண்டாட்டி, அதுக்குப் பின்னாடி ரெண்டு பிள்ளைங்க.

"வீடு காலியா இருக்குதாமே? பாக்கலாமா?"

"யாரு சொன்னது?"

"ஜன்னல்ல பேப்பர் ஒட்டியிருக்கே!"

பாத்தியா? நம்ம ஊர்ல ஜன்னல்ல பேப்பர் ஒட்டியிருந்தா என்ன அர்த்தம்? ஆளு காலி பண்ணிட்டாங்க, வெள்ளை அடிக்கறாங்க, வாடகைக்கு வரும். ஊருல வீடு தேடறவங்க எல்லாம் ஜன்னலை அண்ணாந்து பாத்துக்கிட்டேதான் நடக்கறாங்க. அவங்களை அனுப்பிட்டுப் படுத்தா, டிங் டாங்! புதுசா கல்யாணம் ஆனதுங்க ரெண்டு. அதுங்களை அனுப்பினா, டிங் டாங்! ஒரு புரோக்கர். அவன் செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள வந்து, குழாயைத் திறந்து பாத்து, "தண்ணி நல்லா வருது"ன்னு போன்ல யாருக்கோ சொல்றான்! அவ அங்க நிக்கறா, அவளையே ஏதோ விட்டுட்டுப் போன சாமான் மாதிரி பாக்கறான். அன்னைக்குப் பதினோரு பேரு. சாயங்காலம் அவளே வெந்நீர் வச்சு பேப்பரைப் பிய்ச்சு எடுத்துட்டா. பரக் பரக் பரக்.

இருக்கியா? ம்.

அப்புறம் ரெண்டாவது. இவ என்ன நினைச்சா, பேப்பர் இருந்தாத்தானே வீடு காலின்னு வருவாங்க, சேலை இருந்தா ஆளு இருக்குன்னு தெரியுமே? பெட்டியைத் திறந்து ஒரு பழைய சேலையை எடுத்து ரெண்டா மடிச்சா. ஜன்னல் கம்பியில துணி கிளிப்பு போட்டு மாட்டினா. டக், டக், டக், டக். அரக்குச் சேலை, பச்சை பார்டர். மாட்டினதும் ரூம்பு முழுக்க அரக்கா ஆயிருச்சு. கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சுதான், இருந்தாலும் தேவலை. முதல் நாள் நல்லாத்தான் தூங்கினா. மறுநாள் அதைத் துவைக்கப் போட்டுட்டு மஞ்சள் சேலையை மாட்டினா. அதுக்கு அடுத்த நாள் மயில் கழுத்துக் கலரு.

அங்கதான் தப்புப் பண்ணிட்டா.

டிங் டாங்! வாசல்ல மூணு பொம்பளைங்க.

"ஏ தங்கச்சி, நேத்து மாட்டியிருந்தியே மஞ்சள், அது இருக்கா போயிருச்சா?"

"எது?"

"அதான், ஜன்னல்ல தினம் ஒரு சேலை மாட்டறியே. சேலை வியாபாரம்தானே? எடு, உள்ள என்னெல்லாம் இருக்குன்னு பாப்போம்."

வீட்டுல சேலை வாங்கி விக்கறவங்க ஜன்னல்லதான் மாட்டி வைப்பாங்க, அது உனக்குத் தெரியாது, பொம்பளைங்களுக்குத் தெரியும். இவ "இல்லக்கா, அது நான் கட்டற சேலைக்கா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. யாரு கேக்கறா? ஒருத்தி முந்தானையை இழுத்துப் பாக்கறா, ஒருத்தி தண்ணி தொட்டு சாயம் போகுதான்னு தேய்க்கறா. கடைசியில மயில் கழுத்துச் சேலையை ஒரு அம்மா "எங்க வீட்டுல காட்டிட்டு வந்து தர்றேன்"னு எடுத்துட்டே போயிட்டாங்க. அது இன்னும் வரலையாம். அன்னைக்கும் தூக்கம் போச்சு. அன்னைக்கு வேலையில ஒரு தட்டு ஓரமா லேசா கருக ஆரம்பிச்சு, புகை மூக்குல ஏறி, "ஹச்"சுனு தும்மி முழிச்சு, ஒரே பாய்ச்சல்ல வெளிய இழுத்துட்டா. மயிரிழையில தப்பிச்சா. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதா. பாவம், நாலு மணி நேரம் தூங்கணும்னுதானே கேட்டா, வேற என்ன கேட்டா?

ம்.

அப்புறம், துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனா. அங்க ஓரமா ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் சுருட்டிக் கிடந்துச்சு. ரோட்டுல பிறந்த நாளு, காது குத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம்னு பெரிசு பெரிசா மூஞ்சி போட்டு வைப்பாங்களே, அதுதான். விரிச்சுப் பாத்தா யாரு? நம்ம ஆவுடையப்ப அண்ணாச்சி! பக்கத்துல அவரு சம்சாரம் கோமதியக்கா. போன வருஷம் அவருக்கு அறுபது வயசு ஆச்சுன்னு மணிவிழா பண்ணாங்க. அதுக்கு மகன் அடிச்சு வாங்கின பேனரு. மேல பெரிய எழுத்துல "மணிவிழா வாழ்த்துகள்". கீழ "இவண்: மகன்கள், மருமகள்கள், பேரக்குழந்தைகள்". நடுவுல அண்ணாச்சி, கழுத்துல ரோஜா மாலையோட. ஹோமப் புகை கண்ணுல போயி அவரு கண்ணை இறுக்கி மூடின நேரம் பாத்து போட்டோக்காரன் க்ளிக் பண்ணிட்டான்.

சந்தனமாரி கீழ போய்க் கேட்டா. "அக்கா, மாடில ஒரு பேனர் கிடக்கே, எடுத்துக்கவா?"

கோமதியக்கா கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னாங்க. "எடுத்துக்கோ. நம்ம வீட்டு வாசல்ல மாட்டத்தான் என் மவன் ஆசையா அடிச்சான். உங்க அண்ணாச்சி ஆணி அடிக்க விட்டாத்தானே? சுருட்டினது சுருட்டினபடியே கிடக்கு."

அப்போ சந்தனமாரி அதைத் தூக்கிட்டு ஓடினா. பேனர் பெரிசு, ஜன்னல் சின்னது. என்ன பண்ணா? மேல கொஞ்சம் மடிச்சா, "மணிவிழா வாழ்த்துகள்" மடிப்புக்குள்ள போயிருச்சு. பக்கத்துல கொஞ்சம் மடிச்சா, கோமதியக்கா மடிப்புக்குள்ள போயிட்டாங்க. மடிக்க மடிக்க நல்லதுதானே, இருட்டு கூடுமே! நைலான் கயித்தால கம்பியோட இழுத்துக் கட்டினா. முதல்ல படத்தை உள்பக்கமா வச்சுத்தான் கட்டினா. படுத்துப் பாத்தா, தலைமாட்டுல வீட்டுக்காரர் நிக்கறாரு. "ஐயோ சாமி"ன்னு எந்திரிச்சுத் திருப்பிக் கட்டினா, படம் தெருவைப் பாத்து.

ரூம்பு கும்மிருட்டு. சூரியன் வந்து முட்டிப் பாத்துச்சு, ஒண்ணும் நடக்கல. சந்தனமாரி படுத்த அடுத்த நிமிஷம் கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்...

நீ தூங்காத, இனிமேதான் கூத்து.

தெருவுல பால்காரர் சைக்கிள்ல வந்தாரு. கிணிங் கிணிங். எதேச்சையா மேல பாத்தாரு. ஜன்னல்ல என்ன தெரியுது? அண்ணாச்சி ஒத்தையா. கழுத்துல மாலை. கண்ணு மூடியிருக்கு. கீழ மகன்கள், மருமகள்கள், பேரக்குழந்தைகள். சைக்கிளைக் கீழ போட்டுட்டாரு. "ஐயையோ, அண்ணாச்சி போயிட்டாரா!"

பால்காரர் டீக்கடைல சொன்னாரு. டீக்கடைக்காரர் இஸ்திரிக்காரர்கிட்ட சொன்னாரு. இஸ்திரிக்காரர் பந்தல் போடறவருக்குப் போன் போட்டாரு. அரை மணி நேரத்துல வாசல்ல கூட்டம். பால்காரர் கையில ஒரு ரோஜா மாலை. பந்தல்காரர் வண்டியில பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கறாரு, தடால் தடால் தடால். யாரு சொல்லி விட்டாங்களோ, மேளக்காரங்க நாலு பேரு வந்து டண்டணக்க டண்டணக்க டண்டணக்க!

கோமதியக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாங்க. வீட்டுல அண்ணாச்சி மட்டும். அஞ்சாவது இட்லியை சட்னில தொட்டுக்கிட்டிருந்தாரு. "யாரு வீட்டுல சாவு?"ன்னு இட்லியோட எந்திரிச்சு வந்தாரு. கதவைத் திறக்கப் போனவரு, வெளிய தன் பேரு கேட்டதும் அப்படியே நின்னு காதை வச்சாரு.

"ஆவுடையப்ப அண்ணாச்சி எப்பேர்ப்பட்ட மனுஷன்!" இது பால்காரர்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்!" இது இஸ்திரிக்காரர்.

அப்புறம் சத்தமே இல்ல. உள்ள இவரு காத்துக்கிட்டு இருக்காரு, இன்னும் என்ன சொல்லப் போறாங்கன்னு.

பந்தல்காரர்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு சொன்னாரு. "சுவரை நல்லா வச்சிருந்தாரு."

"ஆமா ஆமா. ஒரு ஓட்டை கிடையாது."

"வேற?"

"வேற... சுவரைத்தான் நல்லா வச்சிருந்தாரு."

அவ்வளவுதான். அறுபது வருஷத்துக்கு அவ்வளவுதான் தேறுச்சு. கதவுக்குப் பின்னாடி நின்ன மனுஷனுக்கு இட்லி தொண்டையில இறங்கல. எனக்கே அவரை நினைச்சா கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு, கொஞ்சமா.

அப்புறம் கதவை டமார்னு திறந்தாரு.

"ஆத்தாடி!"ன்னு பால்காரர் மாலையைத் தூக்கி எறிஞ்சாரு. அது வந்து அண்ணாச்சி கழுத்துலயே விழுந்துச்சு. மேளம் நடுவுலயே நின்னுருச்சு. ஒரு மேளக்காரன் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சதால, டண்... டண்... டண்ணுனு கொஞ்ச நேரம் போச்சு.

"யாருடா செத்தது?"

பால்காரர் மேல கையைக் காட்டினாரு. அண்ணாச்சி அண்ணாந்து பாத்தாரு. ஜன்னல்ல ஒரு அண்ணாச்சி, மாலையோட. கீழ ஒரு அண்ணாச்சி, மாலையோட. மூஞ்சி செவந்து போச்சு. திடுதிடுதிடுனு மாடி ஏறினாரு, கூட்டமும் பின்னாடியே ஏறுச்சு. டொக் டொக் டொக்! டொக் டொக் டொக்!

இவ்வளவு மேளத்துக்கும் அவ முழிக்கலன்னா பாத்துக்கோயேன். எத்தனை நாள் தூக்கம்! கடைசியில தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டே வந்து கதவைத் திறந்தா.

"கழட்டு!"ன்னு கத்தினாரு அண்ணாச்சி. "இந்த நிமிஷம் அதைக் கழட்டு!"

அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. மாலையைப் பாத்தா, கூட்டத்தைப் பாத்தா, ஜன்னலைப் பாத்தா. எல்லாம் புரிஞ்சதும் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டா. பயமும் வந்துச்சு. இது போனா அவளுக்கு வேற வழி கிடையாது, மூணாவது தட்டு கருகிரும். அதனால மூஞ்சியைப் பச்சப்புள்ள மாதிரி வச்சுக்கிட்டு கேட்டா.

"கழட்டறேன் அண்ணாச்சி. ஆனா இப்போ கழட்டிட்டா, காரியம் எல்லாம் முடிஞ்சு எடுத்துட்டாங்க போலன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

கூட்டம் தலையை ஆட்டுச்சு. "அதான, அப்படித்தான் நினைப்போம்"னாரு இஸ்திரிக்காரர்.

அண்ணாச்சி முழிச்சாரு. "அப்போ என்னதான் பண்றது?"

"மேல மணிவிழான்னு போட்டிருக்குல்ல, அது மடிப்புல போயிருச்சு. முழுசா விரிச்சு மாட்டினா ஊருக்கே தெரியும், நீங்க நல்லா இருக்கீங்கன்னு."

அந்த நேரம் பாத்து காய்கறிப் பையோட கோமதியக்கா கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. புருஷன் உசிரோட நிக்கறதை ஒரு பார்வை பாத்தாங்க. அதுல அவங்களுக்கு ஒண்ணும் ஆச்சரியம் இல்ல. அவங்க கவலை வேற.

"தெருவுலேர்ந்து பாத்துட்டுத்தான் வர்றேன். நான் எங்க?"

"மடிப்புக்குள்ள இருக்கீங்கக்கா"ன்னா சந்தனமாரி.

"நாப்பது வருஷம் இவருக்குச் சோறு பொங்கினவ நான் மடிப்புக்குள்ளயா? விரிக்கச் சொல்லுங்க!"

"விரிக்கணும்னா ஜன்னலுக்கு வெளிய, சுவத்துலதான் மாட்டணும்"னாரு அண்ணாச்சி. குரலு இறங்கிப் போச்சு. "அதுக்கு ஆணி அடிக்கணும்."

கோமதியக்கா இடுப்புல கையை வச்சு அவரைப் பாத்தாங்க. அந்தப் பார்வை உன் அம்மா உன் மார்க்கு ஷீட்டைப் பாப்பாளே, அது.

பந்தல்காரர் மெதுவா இடுப்புலேர்ந்து சுத்தியலை எடுத்து நீட்டினாரு. கான்கிரீட் ஆணி ஒரு பிடி அவரு சட்டைப் பையிலயே இருந்துச்சு. "நான் அடிக்கவா அண்ணாச்சி?"

"வேண்டாம்"னாரு அண்ணாச்சி. "என் சுவரு. நானே அடிக்கறேன்."

ஏணியைப் போட்டாங்க. மாலையைக் கூடக் கழட்டாம அண்ணாச்சி ஏறினாரு. முதல் ஆணியை வச்சாரு, கண்ணை இறுக்கி மூடினாரு. டங்! "ஸ்ஸ்"னு அவருக்கே வலிச்ச மாதிரி உதட்டைக் கடிச்சாரு. ரெண்டாவது, டங்! "ஸ்ஸ்." மூணாவது, டங்! சத்தம் இல்ல. நாலாவதுக்கு வந்தப்போ கண்ணைத் திறந்துட்டே அடிச்சாரு.

"அண்ணாச்சி, அந்த மூலை தொங்குது, வெளிச்சம் வருது"ன்னா சந்தனமாரி உள்ளேர்ந்து. இவ கள்ளி! தொங்கவே இல்ல.

டங்!

"கொஞ்சம் இந்தப் பக்கம்?"

டங்!

பேனர் முழுசா விரிஞ்சுச்சு. மணிவிழா தெரிஞ்சுச்சு, கோமதியக்கா தெரிஞ்சாங்க. கீழ நின்ன கூட்டம் கை தட்டுச்சு, மேளக்காரங்க வந்ததுக்கு சும்மா போவானேன்னு கல்யாண மேளமா மாத்தி அடிச்சாங்க. சுவரோட ஒட்டி நாலு பக்கமும் மூடினதால ரூம்புக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. சந்தனமாரி கதவைச் சாத்திட்டு படுத்தா.

அண்ணாச்சி ஏணிலேர்ந்து இறங்கி வந்து, வாசல்ல நின்னாரு. மேளத்தைப் பாத்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு. உதட்டுல விரலை வச்சாரு.

"ஷ்ஷ்... நிறுத்துங்கப்பா. ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்த பிள்ளை, மேல தூங்குது. எல்லாரும் உள்ள வாங்க, காப்பி போடச் சொல்றேன். நாற்காலியைச் சத்தம் வராம தூக்கிட்டு வாங்க."

அவரு வீட்டுக்குள்ள வெளி ஆளு காப்பி குடிச்சது அன்னைக்குத்தானாம். பால்காரர் வெளிய வந்து, "அண்ணாச்சி நல்ல மனுஷன்ப்பா"ன்னாரு. சுவரைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல.

அன்னைக்குச் சுட்ட பன்னு ஒவ்வொண்ணும் உன் கன்னம் மாதிரி, உப்பி, பொன் நிறமா இருந்துச்சாம்.

ம்?

ம் சொல்ல ஆளு இல்லையா? சரி சரி. ஜன்னலும் சாத்தியாச்சு, கதையும் சாத்தியாச்சு, நீயும் கண்ணைச் சாத்திக்கோ.